நான்கு பித்தளைத் தகடுகள்

இப்போதே சொல்லிவிடலாம். அவர் தேநீரின் கடைசி மடக்கைக் குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ‘என்னங்க, அந்த ஸ்பீக்கர் ரெண்டும் மூணு வாரமா பாதித் தொண்டையிலதான் பாடுது.’ இவ்வளவுதான். துணியை நூல் பிடித்து வெட்டுகிற மாதிரி ஒரே இழுப்பில் சொல்லிவிடலாம். ‘உனக்கு எப்பத் தெரியும்?’ என்று கேட்பார். தெரிந்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்பார். அதற்கு என்னிடம் என்ன பதில் இருக்கிறது?

டம்ளர் கீழே இறங்கிவிட்டது. அவள் அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மழைக்கு முந்திய புழுக்கம் வீட்டைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். அவர் புதிதாக வாங்கிய கேபிளைக் கேட்க வருகிறார்கள்.

அந்த வீட்டின் முன்னறை இரண்டாகப் பிரிந்த நாடு. ஜன்னல் பக்கம் அவளுடையது. ஜன்னல் திரைகளும் சோபா உறைகளும் தைக்கிற மிஷின், வெட்டுகிற மேஜை, சுருட்டிச் சாய்த்த துணிகள். மீதி முழுவதும் அவருடையது. அவள் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் கூர் ஆணிக் கால்களில் நின்றன. அவை நிற்கவேண்டிய இடத்தைச் சுற்றித் தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருக்கும். துடைக்கும்போது விரற்கடை நகர்ந்தாலும் அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது. நடுவில் கனத்த ஆம்ப்ளிஃபயர். அதன்மேல் ஆறு கண்ணாடி வால்வுகள், சுவிட்சைப் போட்டால் கருஞ்சிவப்பாகக் கனலும். அதற்குப் பக்கத்தில் இசைத்தட்டு சுழலும் மேடை. எல்லாவற்றுக்கும் பின்னால், எதிரொலியை விழுங்குவதற்காக, அவளே மூன்று மடிப்பு வைத்துத் தைத்த தடித்த திரை. எதிரே ஒரே ஒரு நாற்காலி. இரண்டு ஸ்பீக்கரும் அந்த நாற்காலியைத்தான் பார்க்கும். வீட்டில் வேறு யாரையும் அவை பார்ப்பதில்லை.

அவர் ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். அங்கே அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, காதுக்காரர் என்றுதான். ஓடுகிற மோட்டாரின் மேல் நீளமான திருப்புளியின் முனையை வைப்பார், பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்துவார், கண்ணை மூடுவார். ‘பேரிங் இன்னும் நாப்பது நாள் தாங்கும்’ என்றால் நாற்பத்தோராம் நாள்தான் அது கத்தும். அந்தப் பேரை அவர் சட்டையில் குத்திய பதக்கம் மாதிரி இருபத்திரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

“பிஸ்கட் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் வந்தார்.

“இருக்கு.”

“இன்னைக்கு மிஷினைத் தொடாத. அவங்க போறவரைக்கும்.”

“நாலு திரைக்கு ஓரம் மடிக்கணும். நாளைக்கு வாங்கிக்க வர்றாங்க.”

“சாயங்காலம் மடி. எங்க கம்பெனி இன்ஜினியர் சார் முதல் தடவையா நம்ம வீட்டுக்கு வர்றாரு. மிஷின் கடகடன்னு ஓடினா மனுஷன் என்ன நினைப்பாரு?”

“அவருக்கும் இந்தக் கிறுக்கு பிடிச்சிருச்சா?”

“கிறுக்குன்னு சொல்லு. ஊர்ல அவனவன் சீட்டாடறான், குடிக்கிறான். நான் வீட்ல உக்காந்து பாட்டு கேக்கறது உனக்குக் கிறுக்கு.” கோபமில்லாமல்தான் சொன்னார். குளிர்பெட்டியைத் திறந்து, உள்ளே பார்த்தபடி நின்றார். “பழுது பாத்த ரெண்டாம் நம்பர் கம்ப்ரஸரை நாளைக்கு ஓட்டறோம். ‘உங்க காது சரின்னு சொன்னாதாண்ணே நான் கையெழுத்து போடுவேன்’னு சொல்லியிருக்காரு. அப்படி ஒரு மனுஷனுக்கு ஒரு நல்ல பாட்டு போட்டுக் காட்டறது தப்பா?”

குளிர்பெட்டியின் கதவு திறந்தே இருந்தது. ரொம்ப நேரம் திறந்திருந்தால் அது கூவும். மெல்லிய, ஊசிமுனை மாதிரியான சத்தம். இப்போது கூவ ஆரம்பித்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நிதானமாக வெண்ணெயை நகர்த்தினார், எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்தார், திரும்ப வைத்தார். அது கூவிக்கொண்டே இருந்தது. அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

“கதவை மூடுங்க,” என்றாள்.

“மூடறேன் மூடறேன். கரண்டு உங்கப்பன் வீட்டுக் காசா?” என்று சிரித்தபடி மூடிவிட்டுக் குளிக்கப் போனார்.

இதை அவள் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறாள். பார்த்த ஒவ்வொரு தடவையும், வேறு நினைப்பில் இருந்திருப்பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு விடுமுறை நாளில்தான் அது நடந்தது. புது கேபிள் வந்திருந்தது. பாம்பு மாதிரி கனமாக, சாம்பல் நிற உறை போட்டது. ஒவ்வொரு ஸ்பீக்கரின் முதுகிலும் நான்கு திருகுகள் உண்டு. மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழே இருப்பவை தடித்த சத்தம் தரும் பெரிய கூம்புக்கு, மேலே இருப்பவை உச்சியிலிருந்து கீச்சுச் சத்தம் தரும் சின்ன ட்வீட்டருக்கு. மேல் திருகையும் கீழ்த்திருகையும் இணைக்க நகத்தளவு அகலத்தில் இரண்டு பித்தளைத் தகடுகள். ‘இதுதான் பாலம். இது இல்லைன்னா மேல் வீட்டுக்குச் சோறு போகாது’ என்று கல்யாணமான புதிதில் அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு அந்தத் தகடுகள் நான்கையும் கழற்றி, துடைப்பதற்காக அவளுடைய வெட்டும் மேஜைமேல் வைத்தார். அப்போது போன் வந்தது. இரண்டாம் நம்பர் கம்ப்ரஸரின் மோட்டார் இறுகி, பெல்ட் அறுந்து, பக்கத்தில் ஐஸ் கட்டி இழுத்துக்கொண்டிருந்தவரின் தோளில் அடித்துவிட்டது. போட்டது போட்டபடி ஓடினார். அதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த மோட்டாரில் திருப்புளி வைத்துக் கேட்டு, ‘தேன் மாதிரி ஓடுது’ என்று சொன்னவர் அவர்தான்.

சாயங்காலம் கறுத்த கைகளோடும் அதைவிடக் கறுத்த முகத்தோடும் வந்தார். அடிபட்டவருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு உடைந்திருக்கிறது என்றார். மட்டமான கிரீஸ் வாங்கிப் போட்டால் இப்படித்தான் என்றார். சாப்பிடவில்லை. மனசு ஆறட்டும் என்று, தகடுகளின் நினைவே இல்லாமல் கேபிளைக் கீழ்த்திருகுகளில் மட்டும் முடுக்கி ஓர் இசைத்தட்டைப் போட்டார். அதில் ஒரு பெண் பாட ஆரம்பித்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. தாளத்தின் ஓரத்தில் சிலிர்க்கும் வெண்கலச் சத்தத்தைக் காணோம். வயலின் மீது வில் உரசும் அந்தப் பிசிறைக் காணோம்.

அவரோ கண்ணை மூடியபடி, “ஆகா! பட்டு மாதிரி இருக்கு. பாத்தியா, கேபிள்னா கேபிள்!” என்றார்.

அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? ஒரு மனிதனின் எலும்பை முறித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவரிடம், உங்கள் காதும் போய்விட்டது என்று சொல்ல முடியுமா? மறுநாள் காலை துணிக்கு அடியில் தகடுகள் கிடைத்தன. பொத்தான் டப்பாவில் போட்டுவைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தாள்.

இது அவளுக்குத் தோதான காரணம். தோதில்லாத காரணம் ஒன்றும் இருந்தது. அந்த மூன்று வாரமும் வீடு அமைதியாக இருந்தது. கடைசி நாலைந்து வருஷமாக அவர் சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார். ஸ்பீக்கர்களை உள்பக்கமாகத் திருப்பினார், வால்வுகளை மாற்றினார், ‘இன்னும் தெளிவு வேணும், இன்னும் தெளிவு’ என்றார். அவளுக்கோ ஒவ்வொரு சகரமும் பல்லில் மணலாகக் கடிபட்டது. தைத்துக்கொண்டிருந்தவள் தலைவலி தைலத்தோடு எழுந்துபோவாள். ஒருநாள், ‘குத்துதுங்க’ என்றதற்கு, விருந்தாளிகள் முன்னால், ‘உன்னோடது தையல் மிஷின் காது. அதுக்கு இதெல்லாம் அப்படித்தான் இருக்கும்’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஒரு காலத்தில் அந்த ஒற்றை நாற்காலியில் அவளைத்தான் உட்காரவைப்பார். பின்னால் நின்றுகொண்டு, ‘என்ன கேக்குது, சொல்லு’ என்பார். ‘பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு உதட்டைப் பிரிக்கிற சத்தம் கேக்குது’ என்று ஒருநாள் சொன்னாள். அவர் அசந்துபோய் முன்னால் வந்து மண்டிபோட்டு அவள் இரண்டு காதுகளையும் தொட்டுப் பார்த்தார். அவளை யாரும் அதற்கு முன்னும் பின்னும் அப்படித் தொட்டதில்லை. அந்த மனிதர்தான் பின்னால் தையல் மிஷின் காது என்றவர். அதனால், அவர் நண்பர்களுக்கெல்லாம் ‘பட்டு, வெண்ணெய், நிலா வெளிச்சம்’ என்று அந்தக் கேபிளைப் பற்றிப் போனில் முழம் முழமாக எழுதியபோது, அவளுக்குள் எங்கோ ஒரு மூலையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தன்னுடையதுதான் என்பதை அவள் ஒப்புக்கொள்ள மூன்று வாரம் ஆகியிருந்தது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் பொத்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்பீக்கரின் பின்னால் குந்தினாள். நாலே தகடு, எட்டுத் திருகு. ஊசியில் நூல் கோக்கிற கைக்கு இது ஒரு வேலையா? மாட்டிவிட்டால் பதினோரு மணிக்கு எல்லாம் சரியாகப் பாடும். வருகிறவர்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அவள் ஒரு திருகைத் தளர்த்தினாள்.

அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். நாளைக் காலை அந்தக் காதோடுதான் இரண்டாம் நம்பர் மோட்டாரின் முன்னால் போய்க் குனிவார். ‘தேன் மாதிரி ஓடுது’ என்பார். இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார். பக்கத்தில் யாராவது ஐஸ் கட்டியை இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

தளர்த்திய திருகை இறுக்கிவிட்டு எழுந்தாள். குளித்து வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, அவர் தலை துவட்டும்போது, “என்னங்க, ஒரு விஷயம்,” என்றாள். வாசலில் அழைப்பு மணி அடித்தது. அவர்கள் அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

முதலில் உள்ளே வந்தவர் மருந்துக்கடைக்காரர். பதினைந்து வருஷப் பழக்கம். உருண்டையான உடம்பு, உள்ளங்கையளவு துண்டால் ஓயாமல் கழுத்தைத் துடைப்பார். அவருக்குப் பின்னால் இன்ஜினியர், முப்பத்தைந்து வயதுக்காரர். செருப்பை வரிசையாக விட்டு, ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறவர் மாதிரி மெதுவாகக் கால் வைத்தார்.

“தங்கச்சி, சௌக்கியமா? நம்மாளு புது கேபிள் வாங்கினதுலேருந்து தரையில நடக்கறதில்லையாமே,” என்றார் மருந்துக்கடைக்காரர். “போன்ல எழுதறதைப் படிச்சா, இசைத்தட்டைக் கேக்கணுமா, முழுங்கணுமான்னே தெரியல.”

“நீங்களே கேட்டுப் பாருங்கண்ணே,” என்றாள்.

“அக்கா, இந்தத் திரையெல்லாம் நீங்க தைச்சதா?” என்று இன்ஜினியர் கேட்டார்.

“அதுவும் சத்தத்துக்காகத்தான் சார்,” என்று அவள் கணவர் முந்திக்கொண்டார். “இந்த வீட்ல எல்லாமே சத்தத்துக்காகத்தான்.”

“அண்ணனோட காது மட்டும் இல்லைன்னா எங்க கம்பெனி என்னைக்கோ உருகியிருக்கும்கா,” என்றார் இன்ஜினியர். “முதலாளிகூட அதான் சொல்வாரு.”

கணவர் கூச்சத்தோடு கையை வீசி அதைத் தள்ளிவிட்டார். ஆனால் அந்தச் சொல் அவர் முதுகை நிமிர்த்தியதை அவள் பார்த்தாள். வெளியே தூறல் ஆரம்பித்தது. ஜன்னல் தகரத்தின்மேல் அவல் சிந்துகிற மாதிரி ஒரு சத்தம். இன்ஜினியர், “மழை வருது,” என்றார். “எங்கே?” என்று கணவர் ஜன்னலைப் பார்த்தார். கண்ணால் பார்த்த பிறகுதான், “ஆமா,” என்றார்.

மருந்துக்கடைக்காரரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் நின்றார்கள். அவள் சமையலறை வாசலில் பிஸ்கட் தட்டோடு நின்றாள். வால்வுகள் கனன்றன. ஊசி இசைத்தட்டின்மேல் இறங்கியது. அதே பெண் குரல், அதே கம்பளி.

மருந்துக்கடைக்காரர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. கண்ணைத் திறந்தார். இடது ஸ்பீக்கரைப் பார்த்தார், வலதைப் பார்த்தார். எழுந்துபோய் ட்வீட்டருக்கு நேரே காதை வைத்தார். அடுத்ததற்கும் அப்படியே.

“என்ன, எப்படி?” என்றார் கணவர், முகமெல்லாம் எதிர்பார்ப்போடு.

“வெளையாடறியா? சோதிச்சுப் பாக்கறியா என்னை?”

“என்ன சோதனை?”

“மேல ரெண்டும் ஊமையா இருக்குய்யா!” அவர் போனின் வெளிச்சத்தைப் போட்டு ஸ்பீக்கரின் பின்னால் எட்டிப் பார்த்தார். அடக்க முடியாத சிரிப்பு வந்தது அவருக்கு. “அட கடவுளே. தகடே மாட்டல! காதுக்காரரே, இதையா மூணு வாரமா பட்டு, வெண்ணெய்னு எழுதினே? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்க, நீ தோட்டத்தையே மறைச்சிட்டியே!”

அவர் சிரிப்பில் விஷமில்லை. இசைத்தட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் வாருவது வழக்கம்தான். ஆனால் இன்ஜினியர் சிரிக்கவில்லை.

“அப்படின்னா என்னண்ணே?” என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டார்.

“மேல் சத்தமே இல்லை சார். கீச்சு, சிலிர்ப்பு, உரசல் ஒண்ணுமே வராது. காது இருக்கிறவன் வாசல்ல நின்னாலே...” சொல்லிக்கொண்டே வந்தவர் நண்பரின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார்.

“உரசல் சத்தம்,” என்றார் இன்ஜினியர், தனக்குள் போல. “எவ்வளவு நாளா மாட்டாம இருக்கு?”

இசைத்தட்டில் அந்தப் பெண் மட்டும் போர்வைக்குள் பாடிக்கொண்டிருந்தாள். கணவர் ஊசியைத் தூக்கினார். ஊசி தட்டில் ஒருமுறை கீறியது. “இருங்க, வர்றேன்,” என்று சமையலறைக்குள் வந்து கதவை ஒருக்களித்தார்.

“தகடு எங்க?”

அவள் அலமாரியிலிருந்து பொத்தான் டப்பாவை எடுத்துத் திறந்தாள். வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே நான்கும் மின்னின.

“உன்கிட்ட எப்படி வந்துச்சு?”

“வெட்டற மேஜைமேல நீங்க வெச்சதுதான். அன்னைக்கு போன் வந்து ஓடினீங்களே.”

அவர் கணக்குப் போட்டார். உதடு அசைந்தது. “அன்னைலேருந்தா?”

“ம்.”

“உனக்குத் தெரியுமா?”

“முதல் பாட்டுலயே தெரிஞ்சுது.”

“தெரிஞ்சும் சொல்லல. நான் கோமாளி மாதிரி எழுதிக்கிட்டே இருந்தேன், நீ பாத்துக்கிட்டே இருந்தே.”

“தப்புதான். அதுக்கு நீங்க என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன்.”

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. கதவிடுக்கு வழியாக முன்னறையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு. ஒரே ஒரு வார்த்தை. காலைல துடைக்கும்போது நான்தான் கழட்டி வெச்சேன், திரும்ப மாட்ட மறந்துட்டேன்னு சொல்லிடு.”

“நானா?”

“உன்னை யாரு என்ன கேக்கப் போறா? பொம்பளைக்கு இதெல்லாம் தெரியாதுன்னு சிரிச்சிட்டு விட்டுருவாங்க. இன்னைக்குப் பதட்டத்துல நான் கவனிக்கலன்னு நான் சமாளிச்சுக்கறேன். சார் மூஞ்சியைப் பாத்தியா? அவரு அந்த மோட்டாரோட முடிச்சுப் போட்டுக்கிட்டிருக்காரு.”

“நானும்தான் போட்டுக்கிட்டிருக்கேன்.”

“அது கிரீஸால ஆனது!”

“டாக்டர்கிட்ட காதைக் காட்டிரலாங்க.”

“காட்டலாம். அடுத்த வாரமே போலாம். உன் தலைமேல ஆணையா வர்றேன். நாளைக்கு மட்டும் முடியட்டும்.”

“நாளைக்கு அந்த மோட்டார் பக்கத்துல யாரு நிப்பா?”

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். கை ஈரமாக இருந்தது. “இருபத்திரண்டு வருஷம். அந்தப் பேர் இல்லைன்னா நான் யாரு அங்க? ஸ்பானர் தூக்கறவன். உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இது ஒண்ணு.”

கேட்டதில்லைதான். அவர் கேட்காமலே அவள் எத்தனையோ தலையாட்டியிருக்கிறாள். இசைத்தட்டில் கீறல் விழுந்தபோது அவள்தான் என்றார், தலையாட்டினாள். விருந்துக்குப் போகாததற்கு அவளுக்குத்தான் உடம்பு சரியில்லை என்றார், தலையாட்டினாள். அதெல்லாம் அவளோடு முடிந்துபோன பொய்கள். யாருடைய எலும்பும் முறியவில்லை.

இப்போது மறுப்பது எதற்காக? மோட்டாருக்காகவா, அந்தத் தையல் மிஷின் காதுக்காகவா? அவள் தனக்குள் குனிந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் அங்கே இல்லை. பயந்துபோன ஒருத்தி இருந்தாள். அவ்வளவுதான். அவருக்காகப் பயந்தவள்.

“வா,” என்று அவர் கதவைத் திறந்தார். டப்பாவோடு அவள் பின்னால் போனாள்.

“கிடைச்சிருச்சு!” என்றார் அவர், பெரிதாகச் சிரித்து. “வீட்டுக்காரம்மா காலைல துடைக்கும்போது கழட்டி பொத்தான் டப்பாவில போட்டிருக்காங்க. திரையில தைக்கலாம்னு நினைச்சாங்களோ என்னவோ.”

மருந்துக்கடைக்காரர் அவசரமாகச் சிரித்தார். “அதானே பாத்தேன்! தங்கச்சி, நல்ல வேலை பண்ணீங்க போங்க.” நண்பரைக் காப்பாற்ற ஒரு கயிறு கிடைத்த நிம்மதி அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

இன்ஜினியர் மட்டும் அவளையே பார்த்தார். மரியாதையான, களைத்த பார்வை. அந்தக் கதை நிஜமாக இருக்கட்டும் என்றுதான் அவரும் விரும்பினார் என்று அவளுக்குத் தோன்றியது. நாளைக்கு மோட்டார் ஓடவேண்டும் அவருக்கும்.

“காலைலதான் கழட்டினீங்களாக்கா?”

தலையை அசைத்தால் போதும். வாயைக்கூடத் திறக்கவேண்டாம். தூறல் வலுத்துவிட்டது. தகரத்தின்மேல் விழும் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக அவளுக்குக் கேட்டது. காலியாக இருந்த அந்த ஒற்றை நாற்காலியின் மேல் டப்பாவை வைத்தாள்.

“இல்ல சார்,” என்றாள். குரல் அவ்வளவு மெலிதாக வந்தது.

இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். மருந்துக்கடைக்காரரின் துண்டு கழுத்தில் நின்றது. அவர்கள் இருவருக்கும் கேட்டுவிட்டது.

“என்ன சொன்னே?” என்றார் கணவர். இன்னும் சிரிப்பு மாறாமல், ஒரு காதை அவள் பக்கம் சாய்த்தபடி.

அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லையா, இன்னொரு வாய்ப்புத் தருகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள். உதடுகள் அவருக்கு நன்றாகத் தெரியும்படி நின்றுகொண்டு, அவருக்குக் கேட்கும் கனத்த குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“நான் கழட்டலைங்க.”